ஒதறலும் நடுக்கமும்

லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன் புனிதன். வெட்டிப் போட்ட பழக்குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப் போவதும் வருவதுமாக நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். மழையில் லோரி சறுக்கினாலும் பதறமாட்டான். ஆனால் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தால் போதும், அது தாளம் போட ஆரம்பித்துவிடும்.

மடியில் சும்மா கிடக்கும்போது கை சாதுவாக இருக்கும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாலும் அடங்கிவிடும். கரண்டியைத் தூக்கினால், சாவியைப் பூட்டில் நுழைத்தால், தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனால்தான் ஆட்டம். தோட்டத்தில் இதற்கு ஒரே வார்த்தை, ஒதறல். காய்ச்சலில் உடம்பு குலுங்கினாலும் ஒதறல்தான். பாம்பைக் கண்டு கால் வெலவெலத்தாலும், பழைய மோட்டார் மேடு ஏற முடியாமல் திணறினாலும் ஒதறல்தான். குடித்துக் குடித்துக் கை கெட்டவனுக்கும் அதே பேர். புனிதனுடையது எந்த ஒதறல் என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போன அன்றுதான் அந்தத் தேவை வந்தது.

பெண், ராசா என்ற ஊரில் தையல் கடை வைத்திருக்கும் லோகேஸ்வரி. கடையைக் கவனிப்பதிலேயே அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. புனிதனைக் காடியில் ஏற்றிக் கூட்டிப்போன அக்கா மங்கம்மா வழியெல்லாம் பாடம் நடத்தினாள்.

"தேத்தண்ணி குடுத்தா வேணாம்னு சொல்லிடு. வயிறு சரியில்லன்னு சொல்லு."

"வயித்த ஏங்க்கா இழுக்கற?"

"கைய காப்பாத்தணும்னா வயித்தத்தான் இழுக்கணும்."

அப்படியே சொன்னான். ஆனால் லோகேஸ்வரியின் அண்ணன் ரவிச்சந்திரன் உபசாரத்தில் கெட்டிக்காரர். "வயிறு சரியில்லன்னா இஞ்சித் தே குடிக்கணும்லா" என்று சுடச்சுட ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவன் கையிலேயே வைத்துவிட்டார். கோப்பையும் தட்டும் கடகடவென்று மோதிக்கொண்டன. பாதி தே புனிதனின் வெள்ளைச் சட்டையில், மீதி அந்த வீட்டுப் புதுக் கம்பளத்தில்.

ரவிச்சந்திரன் அவன் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி போடுவீங்களா?"

"இல்லீங்க."

"நான் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துல வளந்தவன். குடிச்சுக் கை இப்பிடி ஒதறுற ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன்."

லோகேஸ்வரி ஒரு துண்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். ரெண்டு நாள் கழித்து மங்கம்மாவுக்குப் போன் வந்தது. இடம் தோதுப்படாது என்றார்கள். குடிகாரக் கை என்று கல்யாணத் தரகர் காதில் போட்டிருந்தார்கள்.

புனிதன் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. சம்பந்தம் போனதைவிட அந்தப் பேர் அவனை உறுத்தியது. லீவு போட்டுவிட்டு கிளினிக்குக்குக் கிளம்பினான்.

டாக்டர் சின்ன வயசு மலாய்க்காரப் பெண். அவரிடம், கை மெங்கிகில் செய்கிறது என்று மலாயில் சொன்னான். உடனே அவர் காய்ச்சல் பார்த்தார், தோட்டத்தில் கொசு உண்டா என்று விசாரித்தார், டெங்கிக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். புனிதன் பணிவாகக் கையை நீட்டினான். டெங்கி இல்லை என்று வந்தது. அது அவனுக்கு முன்பே தெரியும்.

குழப்பத்தைத் தீர்த்தவள் தாதி திலகா. "அண்ணே, மெங்கிகில்னா குளிர்ல, காய்ச்சல்ல வர்றது. கை தானா ஆடுறதுக்கு மெங்கெலெத்தார்னு சொல்லணும்."

புது வார்த்தையைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். நத்தை ஓடு மாதிரி வட்டம் வரையச் சொன்னார். புனிதன் வரைந்தது மிதிபட்ட நத்தையாக வந்தது. அப்பாவுக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டார். இருந்தது. அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினால் பாதி விரலைத் தாண்டி வேட்டிக்குப் போய்விடும்.

"இது நடுக்கம்ணே" என்றாள் திலகா. "பரம்பரையா வர்றது. குடியால வரல, பயத்தாலயும் வரல. பயந்தா கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்."

டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார். அதைத் தமிழில் சொல்லத் திலகா கொஞ்சம் தயங்கினாள். "சிலருக்கு லேசா குடிச்சா கொஞ்ச நேரம் அடங்குமாம். ஆனா அத வைத்தியமா வச்சுக்கக் கூடாதாம்."

புனிதன் அவளையே பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். "அப்ப குடிக்காததாலதான் நான் குடிகாரன்னு பேர் வாங்கியிருக்கேன்."

அங்கிருந்து நேராக ராசாவுக்குப் போனான். லோகேஸ்வரி கடையில் தனியாக ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான், டெங்கி உட்பட.

"இத சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"நீங்க வேணாம்னு சொன்னதுக்காக வரல. சொன்ன காரணம் தப்பு. அதான் வந்தேன்."

"நான் எங்க வேணாம்னு சொன்னேன்? அண்ணன் சொன்னாரு. என்னை யாரும் கேக்கவே இல்லியே."

வாசல் கம்பியைப் பிடித்திருந்த புனிதனின் விரல்கள் படபடத்தன. அவள் அதைக் கவனித்தாள்.

"இப்ப ஆடுதே, இது நடுக்கமா, ஒதறலா?"

"ரெண்டும்."

அவள் சிரித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். உறிஞ்சுகுழல் சொருகி, வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில் தே ஐஸ் வாங்கிவந்தாள். புனிதன் பையின் காதைப் பிடித்துத் தொங்கவிட்டபடி ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான்.

அண்ணனிடம் அவளே பேசினாள். அவர் லேசில் மசியவில்லை. "கை ஆடுறவரு லோரி ஓட்டலாமா?" என்று கேட்டார். சந்தேகம் தீர, ஞாயிற்றுக்கிழமை லாபுக்கே வந்து லோரியில் ஏறினார். அன்று காலை நல்ல மழை. செம்மண் வளைவில் லோரியின் பின்பக்கம் வழுக்கி ஓடைப் பக்கம் சரிந்தது. புனிதன் பிரேக்கைத் தொடாமல் ஸ்டீயரிங்கை அளவாகத் திருப்பி, வண்டியைப் பாதைக்குக் கொண்டுவந்தான். ரவிச்சந்திரன் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான் கேட்டது தப்புதான் மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்ற மங்கம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தை மாதம் ராசா கோயிலில் கல்யாணம் நடந்தது. தாலியில் முதல் முடிச்சைப் போடப் புனிதனுக்குக் கொஞ்சம் நேரமானது. லோகேஸ்வரி அவசரப்படாமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மற்ற முடிச்சுகளை, வழக்கப்படி நாத்தனார் மங்கம்மா போட்டாள்.

இப்போது ராசாவில் குடியிருக்கிறார்கள். காலையில் அவன் லாபுக்குப் போகிறான், சாயங்காலம் கடைக்கு வந்து தைத்த துணிகளை மடித்து அடுக்குகிறான். போன மாதம் லோகேஸ்வரி ஒருநாள் லோரியில் கூடவே மில் வரைக்கும் போய்வந்தாள். அந்த உயரத்திலிருந்து ரோட்டைப் பார்ப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. லோரி லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்கிறாள். புனிதன் அவளை உட்கார வைத்து, கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.