துணியில் நின்ற சேறு

மழை விட்டபாடில்லை. ஹல்துமுல்லைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதி காலையிலேயே மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டது. கபிரியேலும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நாமளும் போயிருவோம் புள்ள. மலை சரியில்ல."

"காய்ச்சலோட நீங்க போய் அந்தச் சிமெண்டுத் தரையில படுக்கவா? நம்ம ரொஷானிகிட்ட கேப்போம். சேத்தப் பத்தி அவளுக்குத் தெரியாததா?" என்றாள் அகஸ்டினா.

மகளைப் பற்றிய பெருமை அவளுக்குத் தலைக்கு மேல். இருக்காதா பின்னே? லயத்தில் பிறந்த பெண் இன்று நடுக்கடலில், வெள்ளைக்காரர்களோடு கப்பலில்! கடலடியில் உலோகக் கட்டிகளை அள்ள இயந்திரம் இறக்குகிறார்கள். அது கிளப்பிவிடும் சேறு எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அளப்பதுதான் ரொஷானியின் வேலை. ஆழத்துத் தண்ணீரை எடுத்து, வடிகட்டி, தாளில் தங்கும் சேற்றை நிறுப்பாள்.

ஃபோனில் ரொஷானியின் முகம் தெரிந்தது.

"அப்பா எறங்கிப் போவோம்ங்கிறாரு. என்னடி சொல்ற?"

"ஊத்துத் தண்ணி எப்படிம்மா வருது? புடிச்சுக் காட்டு."

அகஸ்டினா மலை ஊற்றிலிருந்து வரும் வாசல் பைப்பில் கிளாஸை நிறைத்து வந்து ஃபோனுக்கு நேரே பிடித்தாள். மழைக்காலமென்றால் சேறு வராமலிருக்கப் பைப்பு வாயில் பழைய சாரத் துணி, அதாவது கைலித் துணி, கட்டுவது அந்த லயத்து வழக்கம். அன்று மூன்றாக மடித்துக் கட்டியிருந்தாள். அதைச் சொல்ல வேண்டுமென்று பாவி மனுஷிக்குத் தோன்றவே இல்லை. உலை வைக்கிறவளுக்குத் தண்ணீர் என்றால் துணியைத் தாண்டி விழுவதுதானே?

"தெளிவாத்தான் இருக்கு. அப்ப பயமில்லம்மா, அப்பாவைப் படுக்கச் சொல்லு."

மலை உள்ளுக்குள் அசைந்தால் முதலில் ஊற்றுதான் கலங்கும். அதை ரொஷானி சொல்லவில்லை. தெளிந்த தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

கபிரியேல் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அகஸ்டினா அவருக்குப் பனடோல் மாத்திரை வாங்கக் கீழ்க் கடைக்கு இறங்கினாள். பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் மலை உறுமியது. திரும்பிப் பார்த்தாள். லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து, பள்ளிக்கூட வகுப்பறையில் பாயில் உட்கார்ந்திருந்தபோது கப்பலிலிருந்து ரொஷானி ஃபோனில் பேசினாள். பேசினாள் என்ன, கதறினாள்.

"நான்தாம்மா அப்பாவைக் கொன்னேன். கெளம்பி நின்ன மனுஷனை நான்தானே படுக்கச் சொன்னேன்! தண்ணி தெளிவாத்தானேம்மா இருந்துச்சு?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பெற்ற மகள் செய்யாத பழியைச் சுமந்து அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க அகஸ்டினாவால் முடியவில்லை.

"நீ இல்லடி. பைப்புல துணி கட்டியிருந்தேன்."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"துணியில எவ்வளவு சேறும்மா நின்னுச்சு?"

"தெரியலடி," என்றாள் அகஸ்டினா. "துணியில சேறு ரொம்பும்போதெல்லாம் அலசி அலசி ஊத்திட்டேன்."