மேஜைக்கு அடியில் இரண்டு கேபிள்கள்

மருந்து மொத்த விற்பனை நிறுவனம் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டது. வீட்டிலிருந்தே ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை அது. ஆனால் வீடியோ நேர்காணலிலேயே இரண்டு முறை லைன் அறுந்துவிட்டது. இன்று நான்கு மணிக்குக் கடைசி வாய்ப்பு. இதிலும் அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

குற்றவாளி யாரென்று தங்கைக்குத் தெரியும். வீட்டுக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் சாக்கெட் தேய்ந்துபோயிருந்தது. மேஜைப் பக்கம் யாராவது தும்மினால்கூடக் கேபிள் நழுவிவிடும். மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பு வாத்தியார், இன்னொரு கேபிளைச் செருக ஒரு பழைய நெட்வொர்க் கார்டு கொடுத்திருந்தார். அதற்கு வேறு வியாதி, நினைத்தபோது தூங்கிவிடும். தனித்தனியாக இரண்டையும் நம்ப முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே இணைப்பாகக் கட்டிவிட்டால், ஒன்று விழும்போது மற்றது தாங்கிக்கொள்ளும் என்று வகுப்பில் படித்திருந்தாள். இரண்டு குடிகாரர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு எப்படியோ வீடு வந்து சேர்வதில்லையா?

அதற்கான பதினான்கு படிகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக முடித்து டிக் அடித்தாள். ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவைத்தாள்.

குழாய் வேலை பார்க்கும் அத்தான் வேகத்தைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன மச்சினி, ரெண்டு பைப் போட்டா ரெண்டு மடங்கு தண்ணி வரணும்ல? பழைய சொட்டுதான் வருது."

"வேகத்துக்கு இல்ல அத்தான். அறுந்துபோகாம இருக்கத்தான்... அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?" அக்கா சீப்பை ஓங்கினாள். "அடியே, இந்த வேலை மட்டும் போச்சு, அப்புறம் இருக்கு உனக்கு!"

மணி நான்கு. திரையில் அதிகாரி அம்மாள் தோன்றினார். தங்கையும் அத்தானும் மேஜைக்கு அடியில் காவலுக்கு உட்கார்ந்தார்கள். மூன்றாவது கேள்வியில் அக்காவின் முழங்கால் இடித்தது. சாக்கெட்டிலிருந்து கேபிள் நழுவி அத்தான் மடியில் விழுந்தது.

இருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

"அவசர ஆர்டரை முதல்ல அனுப்பிடுவேன் மேடம்" என்றது மேலே அக்காவின் குரல்.

"நல்லது. அடுத்து..." என்றார் அதிகாரி.

கேபிள் இங்கே, பேச்சு அங்கே! தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அடி கில்லாடி!" என்று கிசுகிசுத்தார் அத்தான். கேபிளைச் செருகினார். பிடுங்கினார். பேச்சு நிற்கவில்லை. மறுபடி செருகினார், மறுபடி பிடுங்கினார். "இன்னும் ஒரே தடவை!"

"போதும் அத்தான், அந்தக் கார்டு இப்பத் தூங்கிட்டா?" கேபிளை வாங்கிச் செருகிவிட்டு அவர் கையைக் கிள்ளினாள். அவர் கத்தாமல் கத்தினார். அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு பொங்கியது.

அப்போது மேலே, "மேடம்? மேடம்?"

எட்டிப் பார்த்தார்கள். அதிகாரியின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது.

"நான்தான்! விளையாட்டா பிடுங்கிட்டேன்!" என்றார் அத்தான்.

"இல்லக்கா, என்னாலதான். பதினோராம் படியில எனக்கு அப்பவே சந்தேகம்!"

"ரெண்டு பேரும் வெளிய வாங்க" என்றாள் அக்கா. சீப்பு அவள் கைக்கு வந்திருந்தது.

தங்கை எழுந்த வேகத்தில் தலையை மேஜையில் இடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தாள். கேபிள் செருகிய இடங்களில் இரண்டு விளக்குகளும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. திரையில் வேறொரு இணையப் பக்கத்தைத் திறந்தாள், உடனே வந்தது. நம்பாமல் இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் வந்தது.

"அக்கா... நம்ம லைன் இருக்கு."

அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மன்னிச்சுக்கம்மா, எங்க ஆபீஸ்லதான் லைன் போயிடுச்சு. காலையிலேர்ந்து இதே தொல்லை. நான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. திங்கக்கிழமை சேர்ந்துடு. ஆமா, ஒண்ணே ஒண்ணு. உன் மேஜைக்கடியில யாரோ சிரிச்சுக்கிட்டே இருந்தாங்களே, யாரு?"

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டு லைனைப் பாத்துக்கறவங்க மேடம்."

"அப்படியா? இங்க ஒரு நாள் அனுப்பிவைம்மா!"

தங்கை நோட்டைத் திறந்து கேள்விக்குறிகளை அழிக்கத் தொடங்கினாள். பதினோராம் படியில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தாள். எதற்கும் இருக்கட்டும். அதற்குள் அத்தான் மறுபடி மேஜைக்கு அடியில் போய்விட்டிருந்தார்.