பூட்டிக்கொண்ட அறுவடை இயந்திரம்

கோதுமை முற்றிக் காய்ந்து நின்றது. மேற்கே ஆலங்கட்டி மேகம் கறுத்து எழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அந்த மேகத்தைப் பார்த்தவர் யாரும் வீட்டில் உட்கார மாட்டார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் ஆர்டிஸ் டோலெஃப்சனின் புது அறுவடை இயந்திரம் நடுவயலில் நின்று தொலைத்தது. திரையில் ஒரே வரி: தானியத் தொட்டியின் மூடி திறந்திருக்கிறது.

எங்கே திறந்திருந்தது? மேலே ஏறிக் கையால் அழுத்திப் பார்த்தாள், இறுக மூடித்தான் கிடந்தது. மூடியைக் கண்காணிக்கும் சென்சார் செத்துப்போயிருந்தது. கட்டைவிரல் அளவுச் சனியன்! முப்பது வருடமாக இயந்திரங்களைத் தன் கையாலேயே கழற்றி மாட்டியவள், இதற்கா அசருவாள்? பக்கத்து நிலத்து லாய்டின் இயந்திரமும் இதே வகைதான், பெல்ட் அறுந்து கொட்டகையில் கிடந்தது. கணவன் வெர்லின் ஓடிப்போய் அதிலிருந்த சென்சாரைக் கழற்றி வந்தான். ஆர்டிஸ் பத்தே நிமிடத்தில் மாட்டினாள்.

இயந்திரம் மொத்தமாக அணைந்தது. 'அங்கீகாரமற்ற பாகம். விற்பனையாளரை அணுகவும்.'

"அடப்பாவி! அதே கம்பெனி, அதே சாமான்டா!" என்று திரையைப் பார்த்தே கத்தினாள். பிறகு விற்பனைக் கடைக்குப் போன் போட்டாள்.

"வேற மெஷினோட பாகத்த மாட்டுனா திருட்டுன்னு நெனச்சுப் பூட்டிக்கும் மேடம்," என்றான் கடைப் பையன். "எங்க ஆளு லேப்டாப்போட வந்துதான் தெறக்கணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு."

"ஒரு மணி நேரத்துல ஆலங்கட்டி எறங்கப் போவுது. நாளைக்கு வந்து எதத் தெறப்பீங்க?"

"புரியுது மேடம்..."

"என்னத்தப் புரிஞ்சுக்கிட்ட? மெஷின் யாரோடது, சொல்லு!"

"உங்களுதுதான். உள்ள இருக்கற மென்பொருள் மட்டும் கம்பெனியோடது."

"கத்தாத ஆர்டிஸ், பிரஷர் ஏறிடும்," என்றான் வெர்லின்.

"ஏறட்டும்! நான் உழுது வெதச்ச நெலத்துல, நான் வாங்குன மெஷின ஓட்ட எவன்கிட்டயோ அனுமதி கேக்கணுமா?"

ஆலங்கட்டி இருபது நிமிடம் அடித்தது. இருவரும் லாரிக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். வெர்லின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் பத்து மணிக்குச் சொன்னபடியே மெக்கானிக் வந்தான். லேப்டாப்பின் கம்பியைச் செருகினான், இரண்டே நிமிடம், இயந்திரம் உறுமியது. "சரியாயிடுச்சு மேடம்," என்று சிரித்தான்.

"அப்ப நீயே ஓட்டு. ஒரு சுத்து."

அவன் ஓட்டினான். ஆர்டிஸ் பக்கத்து இருக்கையில் இருந்தாள். மண்ணோடு மண்ணாகக் கிடந்த கோதுமைமேல் இயந்திரம் போகப் போக, திரையில் வயல் வரைபடம் சிவந்துகொண்டே வந்தது. விளைச்சல்: பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். அந்தக் கணக்கில் துளிப் பிழையில்லை.

அவன் வேகத்தைக் குறைத்தான். "மேடம், இங்க அறுக்க ஒண்ணுமே இல்லியே..."

"நிறுத்தாத," என்றாள் ஆர்டிஸ். "முழுசாப் பாத்துட்டுப் போ."