வீராசாமி பார்த்த படம்

“அப்புறம்?” என்றாள் பெத்தம்மாள் அத்தை.

“அப்புறம் என்ன, மலை மாதிரி மரத்தாலயே கட்டி வச்சிருக்கான். அதுமேல ரயிலு ஏறுது. உச்சிக்குப் போயி தலைகுப்புறப் பாயுது. பொம்பளைங்க தொப்பியப் பிடிச்சிக்கிட்டுக் கத்துறாங்க.”

“செத்துட்டாங்களா?”

“எங்க சாவுறது. இறங்கி வந்து, சிரிச்சிக்கிட்டே மறுபடியும் வரிசையில நிக்கிறாங்க. காசு குடுத்துப் பயப்படுறானுங்க அத்தை, அமெரிக்காக்காரனுங்க,” என்றான் வீராசாமி.

“இங்க சும்மாவே கெடைக்குதேலா,” என்றாள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் சிரிப்பு எழுந்து அடங்கியது.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து வெள்ளைக்கார அரசாங்கம் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டதிலிருந்து, வெளியே போக ஞாயிற்றுக்கிழமை ஒரு லயத்துக்கு ஒரு பாஸ்தான். முறை வந்தவர் சிம்பாங் அம்பாட் சந்தியில் பஸ் ஏறி, மலாக்கா பட்டணத்தில் மத்தியானப் படம் பார்த்துவிட்டு, ஊரடங்குக்குள் திரும்பி மற்றவர்களுக்குக் கதை சொல்லவேண்டும். பெத்தம்மாள் அத்தை போய்வந்தால் பாட்டையும் சேர்த்துப் பாடிவிடுவாள்.

இந்த வாரம் வீராசாமியின் முறை. ஆறு நாளும் பால் வெட்டின உடம்பு. கொட்டகையில் விளக்கு அணைந்ததும், படத்துக்கு முன்னால் அந்த அமெரிக்கத் துண்டுப்படம் ஓடியது. கடற்கரை, ராட்டினம், பட்டப்பகல்போல் விளக்குகள். மின்விசிறிக் காற்று முகத்தில் வீசியது. அடுத்து அவன் கண்டது, டிக்கெட் கிழிப்பவர் தோளைத் தட்டி எழுப்பியதைத்தான்.

“சரி, கதாநாயகி எப்பத்தான் வருவா?” என்றாள் குஞ்சம்மா.

ஒரு கதாநாயகியையும் கல்யாணத்தையும் இட்டுக்கட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால் அடுத்த லயத்திலிருந்து போனவரும் இதே படத்தைத்தான் பார்த்திருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் நிற்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

“தூங்கிட்டேன்,” என்றான்.

“படம் பூராவுமா?”

“பூராவும்.”

யாரும் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. குஞ்சம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். “என்கிட்ட பாஸ குடுத்திருந்தா நான் முழிச்சிருப்பேன்லா.” சொல்லும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

பெத்தம்மாள் மட்டும் போகவில்லை. காலை நீட்டிப் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“படம் போவட்டும் விடுப்பா. அந்த ரயில்ல ஏறுனவங்க யாரு? தொரைங்களா?”

“இல்ல அத்தை. மில்லுல வேலை செய்றவங்கன்னு பக்கத்துல இருந்தவரு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை லீவாம்.”

“அப்ப நம்மள மாதிரி ஆளுங்கதான்.”

“அப்படித்தான் போல.”

வேலியோரக் காவலாளியின் டார்ச் வெளிச்சம் லயத்தைத் தடவிக்கொண்டு போயிற்று. அது போகும்வரை அத்தை நீட்டிய காலை மடக்கி வைத்துக்கொண்டாள்.

“ரயில விட்டு இறங்கி வர்றப்ப அவங்க மொகம் எப்படிப்பா இருந்திச்சு? கொஞ்சம் நல்லா நெனச்சுப் பார்த்துச் சொல்லேன்.”