ரோதனை என்கிற பெயர்

மூன்றாவது தடவையாகத் தன் அக்காவின் மூக்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, படிக்கும் அட்டையை நீட்டினார் கண்ணாடிக்கடைக்காரர். இதுவும் சரியில்லை என்று அவள் சொன்னால், கடையைப் பூட்டிச் சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு எங்காவது போய்விடுவது என்ற முடிவில் இருந்தார். முப்பது வருடத் தொழிலில் எத்தனையோ கண்களைப் பார்த்தாயிற்று. மூன்று மாதத்தில் மூன்று பவர் காட்டிய கண் இது ஒன்றுதான். முதலில் இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்து, அதை விற்ற ஆளை வரவழைத்துச் சண்டை போட்டார். அந்த ஆள் தன் கண்ணையே வைத்துச் சோதித்துக் காட்டி, "மெஷின் நல்லாதான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணாடி ஒரு தொல்லை என்றால் போன் அதைவிடப் பெருந்தொல்லை. அக்காவின் கணவர் இறந்து ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து அக்கா ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கூப்பிடுகிறாள். குழாய் சொட்டுகிறது, மாடிவீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுக்கிறார்கள், டிவியில் சத்தம் வரவில்லை, வந்தால் குறையவில்லை. நாலு மணிக்கு ஒன்று தப்பாமல் வரும். அதில் விஷயமே இருக்காது. "என்னடா பண்றே?" என்பாள். கடையில் இருக்கிற மனுஷன் என்ன பண்ணுவான்? யாரோ ஒருவரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சட்டைப்பை அதிரும். அப்படி அதிர்ந்த ஒருநாள், வந்த எரிச்சலில் அவள் பெயரை அழித்துவிட்டு 'ரோதனை' என்று பதிந்துவைத்தார். அதற்குப் பிறகு பாதி அழைப்புகளை அவர் எடுப்பதில்லை. எடுக்காமல் விடுவதற்கு அந்தப் பெயர் ஒத்தாசையாக இருந்தது.

அக்கா அட்டையின் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தாள். இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க ஒற்று விட்டுப்போச்சு" என்றாள்.

"பவர் சரியா இருக்கா? அத மொதல்ல சொல்லு."

"சரியாதான் இருக்கு. அதுக்கு ஏன் எரிஞ்சு விழற?"

கிளம்பும்போது கைப்பையைத் துழாவினாள். போனைக் காணோம். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று கிளறிவிட்டு, "உன் போனைக் குடு, ஒரு ரிங் விட்டுப் பாக்கறேன்" என்றாள். எப்படியாவது கிளம்பினால் போதும் என்று அவரும் யோசிக்காமல் நீட்டிவிட்டார். தன் எண்ணை அவளே அழுத்தினாள். பையின் அடியில் மணி அடித்தது. அவள் பைக்குள் கைவிடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நல்லாத் தெரியுதுடா. ஒவ்வொரு எழுத்தும் துல்லியமா இருக்கு."

"அது… சும்மா வெளையாட்டுக்கு வெச்சது."

"பிழையில்லாமதான் போட்டிருக்க. அர்த்தம் தெரியுமா?"

"தொல்லைன்னு அர்த்தம். இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"அழுகை," என்றாள் அக்கா. "அகராதி வேலை வந்தப்ப அந்தப் பக்கத்த நான்தான் திருத்தினேன். ரோதனம்னா அழறது. வடமொழிலேருந்து வந்தது. அழறவளோட வார்த்தைடா அது. கேக்கறவங்களுக்குத் தாங்கல போல. எடுத்துத் தங்களோட கஷ்டத்துக்குப் பேரா வெச்சிக்கிட்டாங்க."

பையிலிருந்து தன் போனை எடுத்தாள். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதன் திரையில் அவருடைய எண்ணுக்கு மேலே 'எடுக்க மாட்டான்' என்று இருந்தது. அவள் மறைக்கவுமில்லை. "இதுவும் வெளையாட்டுக்குத்தான்" என்று அழைப்பைத் துண்டித்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

இவள் மட்டும் என்ன யோக்கியமாம் என்று கொஞ்ச நேரம் பொருமிக்கொண்டிருந்தார். நாலு மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. நாலே காலுக்கும் அடிக்கவில்லை. சனியன் விட்டது என்று நினைத்துப் பார்த்தார், நினைப்பு ஒட்டவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அவளுடைய மூன்று சோதனைச் சீட்டுகளையும் சேர்த்துக் கோப்பில் வைக்கப் போனார். அடியில் குறிப்பு எழுதும் இடத்தில் அவருடைய கையெழுத்து. முதல் சீட்டில், 'கண் சிவப்பு, நீர். தூசி.' இரண்டாவதில், 'மறுபடி தூசி.' மூன்றாவதில், 'தூசி. மருந்து விட்டு, அரை மணி கழித்துப் பார்த்தது.' அந்த மூன்றாவது பவர்தான் சரியாக வந்திருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், தூசி விழுந்துவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியிருந்தால் பவர் மாறிக் காட்டும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்வது. மெஷின்காரனிடம் சண்டை போட்டதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் மேலும் கோபம் வந்தது. அழுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? குழாய் சொட்டுகிறது என்றால் எவனுக்குப் புரியும்?

போனை எடுத்து அந்தப் பெயரை அழுத்தினார். மணி போயிற்று. புதுக் கண்ணாடி போட்டிருப்பாள், சிரமமில்லாமல் படித்துவிடலாம். அங்கே அவள் மேசைமேல் 'எடுக்க மாட்டான்' என்று மினுங்கிக்கொண்டிருக்கும். மணி முழுதும் போய் நின்றது. மறுபடி அழுத்தினார்.

கண் சோதிக்க வந்த ஒருவர், தானாகவே இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தாடையை அதில் பொருத்திக்கொண்டு, விளக்கு வரட்டும் என்று கண்ணை அகலத் திறந்துவைத்திருந்தார். கொஞ்சம் இருங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார் கண்ணாடிக்கடைக்காரர்.