பச்சை வந்தால் அப்பா

என் தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் எனக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விடும். அவன் பொத்தான் படம் பார்க்கிறவன். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் 'இப்போது இதை அழுத்து' என்று திரையில் ஒரு சின்னப் படம் வரும் அல்லவா? கீபோர்டில் ஆடுகிறவருக்குக் கீபோர்டின் படம், கையில் கன்ட்ரோலரைப் பிடித்து ஆடுகிறவருக்கு அதன் பொத்தானின் படம். அது சரியாக வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் சரிசெய்வதுதான் நாள் முழுக்க அவனுக்கு வேலை. நன்றாகத்தான் சம்பாதிக்கிறான். ஆனால் பெண்ணைப் பெற்றவரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது?

பெண்ணைப் பெற்றவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய ஒரே மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். தம்பியும் அவளும் ஒருவரையொருவர் விரும்ப, அவள் அப்பாவிடம் தைரியமாகச் சொல்லிவிட்டாள். "பையன் வேலையக் கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசுறேன்" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி எங்களோடுதான் இருக்கிறான். அவன் அறை மனிதர்கள் பார்க்கும்படி இருக்காது என்பதால் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தோம்.

"பொத்தான் செய்றீங்களா தம்பி?"

"இல்ல சார். பொத்தானோட படம்."

"ஓஹோ, படம் வரைவீங்க."

"வரையறது வேற ஒருத்தர் சார். அது சரியா வருதான்னு நான் பாப்பேன்."

அவர் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார், இரண்டாக உடைத்தார், இரண்டையும் தட்டிலேயே வைத்துவிட்டார்.

தம்பி அவசர அவசரமாகக் கன்ட்ரோலரை அவர் கையில் திணித்தான். விளையாட்டு இதுதான்: ஆடுகிற கப்பலில் ஒரு சர்வர், சூப் நிரம்பிய பாத்திரத்தைச் சமையலறையிலிருந்து கேப்டனின் மேஜை வரை கொண்டுபோக வேண்டும். கப்பல் சாயும்போதெல்லாம் ஒரு படம் தோன்றும். உடனே அழுத்தினால் சர்வர் சமாளித்துக்கொள்வான், தவறினால் சூப் தரையில்.

"இதுல விசேஷம் என்னன்னா சார், கடைசியா எதைத் தொட்டீங்களோ அதோட படம்தான் வரும். கன்ட்ரோலரத் தொட்டா பச்சை வட்டம். மவுஸைத் தொட்டா கீபோர்டு ஆளுன்னு எடுத்துக்கிட்டு, கீபோர்டுல கீழ இருக்கிற நீளக் கட்டை, ஸ்பேஸ் பார் வரும். எது தெரியுதோ அதை மட்டும்தான் ஏத்துக்கும். மவுஸ் ஒரு முடி அளவு அசைஞ்சாக்கூட கண்டுபிடிச்சிடும்!"

இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். சும்மா இருந்திருக்கலாம்.

கப்பல் சாய்ந்தது. பச்சை வட்டம் தோன்றியது. அவர் கட்டை விரலைக் கொண்டுபோவதற்குள் பச்சை மறைந்து நீளக் கட்டை வந்தது. சூப் போயிற்று. மறுபடி பச்சை, மறுபடி கட்டை, மறுபடி சூப். திரையில் படங்கள் கண்ணாமூச்சி ஆடின.

"பச்சையத்தானே அழுத்தினேன்?" என்றார் அவர்.

"ஆமா சார். நீங்க கரெக்ட்டாதான் அழுத்தினீங்க." தம்பியின் முகம் வெளிறிவிட்டது. அவனுக்குக் காரணம் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜை மேல் மவுஸ் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. மேஜைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலில் முட்டியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர், ஆனால் உட்கார்ந்தால் காலை ஆட்டாமல் இருக்க அவரால் ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் அதிகம் சொன்ன வார்த்தை 'கால ஆட்டாதீங்க' என்பதுதான். வந்தவர்கள் முன்னால் அதை எப்படிச் சொல்வது? மேஜைக்கு அடியில் அவர் பாதத்தை ஓங்கி மிதித்தேன். "ஆ" என்றார். கால் நின்றது. கொஞ்ச நேரம் பச்சை பச்சையாகவே இருந்தது. அடுத்த அலை வந்ததும் பதற்றத்தில் மனிதர் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மவுஸின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"அக்கா, வேண்டாம்!" என்று தம்பி அலறினான்.

அதற்கும் ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தான் புத்திசாலி. எந்தக் கருவி கழன்றாலும் ஆட்டம் நின்று முதலிலிருந்து தொடங்குமாம். கேப்டன் மேஜைக்கு நாலடி தூரத்தில் இருந்த சர்வர் சமையலறைக்குத் திரும்பிவிட்டான்.

லிஃப்ட் மெக்கானிக் கன்ட்ரோலரை மேஜையில் வைத்தார். "வேற ஏதாவது வேலைக்கு முயற்சி பண்றீங்களா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தம்பி மவுஸ் வயரைத் திரும்பச் சொருகினான்.

அப்போது அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"எடுங்கப்பா. பச்சை வந்தா நீங்க, கட்டை வந்தா நான்."

"அதெல்லாம் நடக்காது."

"எடுங்கன்னா!"

எடுத்தார். கப்பல் சாய்ந்தது. பச்சை. அவர் அழுத்தினார். கட்டை. அவள் அறைந்தாள். சூப் சிந்தவில்லை. "அடுத்தது உனக்கு!" "இல்லப்பா, உங்களுக்கு! பச்சை!" "பாத்துட்டேன், பாத்துட்டேன்!" "கட்ட, கட்ட, விட்டுடாத!" வீடு இரண்டுபட்டது. மிதிக்கத் தூக்கிய காலை நான் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

கேப்டனின் அறை வாசலில் ஒரு பேரலை எழும்பியது. பச்சை, பச்சை, பச்சை. வேறொன்றும் வரவில்லை. அவர் விரல் தடுமாற ஆரம்பித்தது.

"எனக்கு வரவே மாட்டேங்குது!" என்று பெண் கத்தினாள். "அப்பாவால தனியா முடியாது!"

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கால் அசையாமல் இருந்தது.

"என்னங்க!" என்று கத்தினேன். "காலை ஆட்டுங்க!"

ஆட்டினார். மேஜை அதிர்ந்தது, மவுஸ் நடுங்கியது, கட்டை வந்தது. கேப்டன் சூப்பைக் குடித்தார். அப்பாவும் மகளும் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தார்கள்.

சத்தம் அடங்கியதும் தம்பி மவுஸைப் பார்த்தான், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது. "சார், இது என் தப்பு. நாளைக்கே சரி பண்ணிடுறேன்."

"அதுல மட்டும் கை வெச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார் அவர். மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தார். "இவ அம்மா போனதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கத்தினதே இல்ல தம்பி. இவ இங்க வந்துட்டா, கட்டைய யாரு அழுத்துவா?"

அவர் இத்தனை நாள் எதற்குத் தயங்கினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலையாவது, பொத்தானாவது.

தம்பி அவர் பக்கத்தில் வந்து நின்றான். தப்பான படம் வந்தால் தூக்கம் வராத பயல் அவன். "ஞாயித்துக்கிழமை தவறாம நீங்க வரணும் சார். கட்டைய இவதான் அழுத்துவா. நான் சரி பண்ணவே மாட்டேன்."

அவர் தட்டில் கிடந்த பிஸ்கட்டில் ஒரு பாதியை மகளிடம் கொடுத்து, மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களும் வீட்ல இருக்கணும். கால் முக்கியம்."

"கண்டிப்பா இருப்பேன்" என்ற என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலை ஆட்ட ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.