நோ நின்ற பன்னிரண்டாம் நாள்

அவர்களுடைய முறைக்கு இன்னும் பதினொரு நம்பர் இருந்தது. வைத்தியசாலை வாங்கில் மனைவி பாலேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகேந்திரம், உள்ளே போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று மறுபடியும் நினைத்தார். வெள்ளவத்தையில் த்ரீவீலில் ஏறும்போதும் நினைத்தார், இறங்கும்போதும் நினைத்தார். வாய் வரவில்லை.

உள்ளே டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, பாலேஸ்வரியின் இடது சிறுநீரகத்தை விட்டுவைக்கலாமா, எடுக்க வேண்டுமா என்று சொல்லப் போகிறாள். நூற்றுக்குப் பத்துக்குக் கீழே வேலை செய்தால் எடுப்பதுதான் நல்லது என்று போன முறையே சொல்லியிருந்தாள்.

போன வருசம் வைகாசியில் அவளுக்கு இடுப்பின் இடது பக்கம் குத்தி வலித்து நோ தொடங்கியது. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கிறது, மூன்று கிழமை, இருபத்தொரு நாளில் கூப்பிடுவோம், டியூப் வைக்க வேண்டும் என்றார்கள். கிளினிக் கார்டில் அவருடைய போன் நம்பரை எழுதினார்கள். லைட் பில், பாங்க், ஆஸ்பத்திரி, எல்லாவற்றிலும் அந்த வீட்டுக்கு அவருடைய நம்பர்தான். அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் கரையும் என்று யாரோ சொன்னார்கள். வாழைத்தண்டு வெள்ளவத்தைச் சந்தையிலும் கிடைக்கும். ஆனாலும் அவர் பஸ் ஏறி, கொழும்பின் மறுகோடியில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்குப் போனார். கலியாணம் முடித்த புதிதில் அங்கேதான், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில், ஒரு இரும்புக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இரண்டரை வருசம் இருந்தார்கள். கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும். மழை பெய்தால் கட்டிலை இழுத்து வைக்க வேண்டும். அந்த நாளில் பாலேஸ்வரி ஓயாமல் கதைப்பாள். அவர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். கதைக்கத் தெரியாத மனுசனுக்கு அதைவிடப் பெரிய சொத்து இல்லை. பிறகு வேலை, பிள்ளை, பிள்ளை கனடா போனது என்று வருசங்கள் ஓடின. எப்போது அவள் கதைப்பதை விட்டாள் என்று அவருக்கு நினைவில்லை. கவனித்தபோது வீடு அமைதியாக இருந்தது.

வாழைத்தண்டோடு அவர் வந்ததும், அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாற்றைக் குடிப்பாள். பிறகு கேட்பாள்.

"இரும்புக் கடை இன்னும் கிடக்கே?"

"கிடக்குது. இப்ப முதலாளியின்ர மகன்தான் நிக்கிறான்."

"பக்கத்து அறை ராக்கம்மா அக்கா? என்ர தாலிக்கொடியைப் பாத்து, 'இது நூலா கொடியா தங்கச்சி' எண்டு கேட்டவ!"

தொடங்கினால் நிறுத்த மாட்டாள். அடுத்தடுத்த நாட்களிலும் அவர் போனார். தண்டு மிச்சம் இருந்தபோதும் போனார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் குசினியில் அடுப்பருகே நின்று, "இஞ்சருங்கோ, நோ போட்டுது, ஒரு குத்தும் இல்லை" என்றாள். கல்லைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்த மாதிரி அவருக்கு இருந்தது. அடுத்த கிழமை கிளினிக்கிலிருந்து போன் கோல் வந்தபோது அவர் கொட்டாஞ்சேனையில், கக்கத்தில் வாழைத்தண்டோடு நின்றார். "நோ இல்லை மிஸ். கல் போட்டுது. நாங்கள் வரேல்ல" என்றார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் எதற்கும் ஒருக்கால் காட்டுவம் என்பாள். டியூப், ஆஸ்பத்திரிக் கட்டில், பிளாஸ்க் என்று எல்லாம் மாறிவிடும்.

பத்து மாதம் கழித்துப் பிரஷர் ஏறி ஸ்கேன் செய்தபோது கல் அதே இடத்தில் இருந்தது. சிறுநீரகம் வீங்கிப் போயிருந்தது. கல்லை எடுத்தார்கள். நடந்தது நடந்துவிட்டது.

நம்பர் வந்தது.

டாக்டர் ஷஸ்னாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. "நூத்துக்குப் பதினெட்டு" என்றாள் முதலில். "எடுக்கத் தேவையில்ல ஆண்டி. ஆனா தழும்பான சதை திரும்ப வராது. பிரஷரப் பாத்துக்கணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா வரணும்."

பாலேஸ்வரி கண்ணை மூடித் திறந்தாள். நாகேந்திரம்தான் கேட்டார்.

"நோ நிண்டதே டாக்டர்? அப்ப எப்பிடி?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க அங்கிள். அடைப்பு நாள்பட்டா நோ கொறஞ்சிடும், கல் போனதால இல்ல. நோவ மேல மூளைக்குச் சொல்ற நரம்பு இருக்கு. மேல இருந்து சிறுநீரகத்துக்கு வார நரம்பும் இருக்கு. அடைச்சா அந்த நரம்பு பதட்டப்படும். நமக்கு ஒண்டும் தெரியாது, அது உள்ளுக்குள்ள ஏவிக்கொண்டே இருக்கும். அந்த ஏவலும் சதையத் தழும்பாக்குது எண்டு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. எலியில அந்த நரம்ப வெட்டினா தழும்பு கொறவு."

"அப்ப வெட்டியிருக்கலாமே?"

"அது எலி அங்கிள். மனிசருக்கு இன்னும் தெரியாது."

"இவரை விட்டா, கத்தி வாங்கவும் கொட்டாஞ்சேனைக்குப் போவார்" என்றாள் பாலேஸ்வரி.

டாக்டர் சிரித்தாள். பிறகு, "மூணு கிழமையில வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது" என்றாள்.

"ஒருத்தரும் கூப்பிடேல்லையே பிள்ளை."

"அப்ப எங்கட பிழைதான். ஸொரி ஆண்டி."

பாலேஸ்வரி பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நாகேந்திரத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கூப்பிட்டவை" என்றார். "எனக்குத்தான் கோல் வந்தது. நான்தான் வேண்டாம் எண்டனான்."

டாக்டர் பேனையை மூடினாள். பாலேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே நடைக்கூடத்தில் அவள் முன்னால் போனாள். அவர் பின்னால் போனார். பாதித் தூரத்தில் நின்றாள்.

"ஏன்?"

அவர் சுவரோடு ஒதுங்கினார். ஒரு ஸ்ட்ரெச்சர் அவர்களைத் தாண்டிப் போனது.

"அப்ப நீர் திரும்பவும் கதைச்சுக்கொண்டிருந்தனீர்" என்றார்.

அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சிவந்தது, கோபத்திலா வேறெதிலா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதுக்கு என்ர சிறுநீரகமே கிடைச்சுது? வாயைத் திறந்து கேட்டிருந்தா சும்மாவே கதைச்சிருப்பனே, மனுசா!"

பிறகு நேரே கவுண்டருக்குப் போய் கிளினிக் கார்டை நீட்டினாள். "இந்த நம்பரை வெட்டி விடுங்கோ. இனி எனக்குத்தான் கோல் வரவேணும்."

நேர்ஸ் பழைய நம்பரின் மேல் கோடு இழுத்தாள். "நம்பர் எக்க கியன்ன அம்மே" என்று சிங்களத்தில் புது நம்பரைக் கேட்டாள்.

பாலேஸ்வரி வாயைத் திறந்தாள், மூடினாள். போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் நம்பரை அவள் ஒருநாளும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. கடைசியில், திரும்பாமலே, "சொல்லுங்கோ" என்றாள்.

"சைபர், ஏழு, ஏழு..." என்று நாகேந்திரம் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு இலக்கத்தையும் அவள் அவருக்குப் பின்னால் சத்தமாகச் சொன்னாள். நேர்ஸ் எழுதி முடித்த பிறகும், மனப்பாடம் ஆகும்வரை, முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.